தகப்பன்னாலும் சொல்ல முடியாது

"அப்படி ஒரு ஆள் எங்ககிட்ட வைத்தியம் பாக்காங்களா இல்லையான்னு கூட உங்ககிட்டச் சொல்ல முடியாது"ன்னு பதில் போட்டிருக்கான், கேட்டீங்களா தம்பி, அந்த அமெரிக்கா ஆஸ்பத்திரிக்காரன். யாரப் பத்தி? நான் பெத்த பொண்ணப் பத்தி. யாருக்கு? எனக்கு. கோமதின்னு பேரு வச்சவன் நான், காது குத்தறப்ப மடியில வச்சிருந்தவன் நான். இவன் யாரோ ஒருத்தன் அங்க உக்காந்துக்கிட்டு, அவ இருக்காளா இல்லையான்னே சொல்ல மாட்டேங்கான். இதுக்குப் பேரு சட்டமாம்!

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்க அம்மாவ எக்கோ எடுக்கத்தான கூட்டிட்டுப் போயிருக்காங்க? இப்போதைக்கு விட மாட்டாங்க. நீங்க கதவையே பாத்துட்டு இருந்தா அது சீக்கிரமாவா தொறக்கப் போவுது? என்னையும் செத்த நேரத்துல கூப்பிடுவாங்க. ஆஞ்சியோ. இந்தா, இங்கன மணிக்கட்டுல ஓட்டை போட்டு ஒயர விட்டு நெஞ்சுக்குள்ள பாப்பாங்களாம். அடைப்பு இருந்தா அப்படியே ஸ்டென்ட் வச்சிருவோம்ங்காரு டாக்டரு, என்னமோ ஜன்னலுக்குக் கொக்கி வைக்கிற மாதிரி. தனியாவா வந்தீங்கன்னு கேட்டீங்கல்ல? ஆமா, தனியாத்தான். துணைக்கு ஆள் வேணும்னாங்க. எங்க தெருவுல கேபிள் போடுறவரு ஒருத்தரு, சாயங்காலம் சோலிய முடிச்சிட்டு வாரேன்னிருக்காரு. போதாதா? கல்யாணத்துக்கா போறோம்.

நான் சட்டம் தெரியாதவன்னு நினைச்சிராதீங்க தம்பி. ஆவுடைநாயகம் சர்வேயர்னா சங்கரன்கோவில் பக்கம் இன்னிக்கும் தெரியும். நான் சங்கிலி இழுக்காத காடு அந்தத் தாலுகாவுல கெடையாது. யாரு நிலம், எங்க எல்லை, யாரு யாரத் தாண்டி வேலி போட்டிருக்கான், எல்லாம் பாத்தவன். ஒருத்தன் நிலத்தோட பட்டாவ ஊர்ல யார் வேணும்னாலும் பாக்கலாம். நம்ம சர்க்காரே கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கு. சொத்தையே பாக்கலாம்னா, சொந்தப் பொண்ணு உடம்புக்கு என்ன நோக்காடுன்னு தகப்பன் பாக்கக் கூடாதா? இதுக்கு எவனாவது நியாயம் சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்.

மொதல்ல இருந்து சொல்லுதேன். என் வீட்டுக்காரி வடிவு இருந்த வரைக்கும் போன் பேசறதெல்லாம் அவதான். அம்மையும் மகளும் மணிக்கணக்காப் பேசுவாங்க. என்னத்தப் பேசுவாங்களோ, சட்னியில பெருங்காயம் போட்டதுக்கு அரை மணி நேரம். கடைசியில போன என் கையில குடுப்பா. நான் "உடம்பப் பாத்துக்கோ"ம்பேன். அவ "சரிப்பா"ம்பா. நான் திருப்பிக் குடுத்துருவேன். வடிவு போயிட்டா. அதுக்கப்புறம் போன் வரும், நான் எடுப்பேன், "உடம்பப் பாத்துக்கோ"ம்பேன், அவ "சரிப்பா"ம்பா. அதோட தீந்துச்சு. ரெண்டு பேரும் போனப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டு இருப்போம். பெறவு "வைக்கட்டுமாப்பா"ம்பா. வீட்டுல எங்கிட்டுத் திரும்புனாலும் அமைதி. மிக்சி ஓடாத வீட்டுல இருந்து பாத்திருக்கீங்களா நீங்க?

அப்பத்தான் தம்பி அந்த மெயில் விஷயம். அவ பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சலிங் போறப்ப ஒரு மெயில் வேணும்னாங்க. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நான்தான் ஆரம்பிச்சுக் குடுத்தேன். என் நம்பர், நான் வச்ச பாஸ்வேர்டு. நம்ம ஊர்ல எவன் வீட்டுலயும் அப்படித்தான? கேஸ் சிலிண்டர்ல இருந்து பிள்ளைங்க பரீட்சை வரைக்கும் தகப்பன் நம்பர்தான். அந்தப் பிள்ளை காலேஜ் போயி, வேலைக்குப் போயி, கல்யாணம் கட்டி அமெரிக்கா போயி, அங்க ஆஸ்பத்திரிக்கும் அதே மெயில்தான் குடுத்திருக்கா. அதே பாஸ்வேர்டு. மாத்தணும்னு தோணல அவளுக்கு. எனக்கு அதுல கொஞ்சம் பெருமைதான்னு வச்சுக்கோங்களேன்.

அங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடும். ரத்தம் குடுத்தாலும் ஏறும், பல்லக் காமிச்சாலும் ஏறும். ஏறின உடனே மெயில் வரும். என் போன்லயும் டிங்னு அடிக்கும். ஒருநாள் சும்மா தொறந்து பாத்தேன். அடேயப்பா! எடை, பிரஷரு, ரத்தம், எதுக்கு வந்தா, என்ன சொன்னா, டாக்டரு என்ன சொன்னாரு, அத்தனையும் இருக்கு. தூக்கம் சரியா வரலைன்னு சொல்லியிருக்கா. அம்மா இறந்ததுல இருந்துன்னு சொல்லியிருக்கா. என்கிட்டச் சொல்லல பாருங்க. அங்க எவகிட்டயோ சொல்லியிருக்கா.

அதுல இருந்து காலைல காபியப் போட்டதும் மொதல்ல அதத்தான் தொறப்பேன். மத்தவன் பேப்பர் படிப்பான், நான் என் பொண்ணப் படிப்பேன். புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் பழசையே படிப்பேன். இரும்புச்சத்து குறைவா இருந்துதுன்னா போனப் போட்டு "முருங்கைக்கீரை சாப்பிடு"ம்பேன். "அங்க ஏதுப்பா முருங்கைக்கீரை"ன்னு சிரிப்பா. எப்படித் தெரியும்னு கேக்க மாட்டா. அப்பான்னா தெரியும்னு நினைச்சிருப்பா போல. அந்த ரெண்டு வருஷம் மாதிரி நான் அவகூட இருந்ததே கெடையாது தம்பி. நிசமாச் சொல்லுதேன்.

பெறவு ஒருநாள் ரத்த ரிப்போர்ட்டுல பாத்தேன், பிள்ளை உண்டாயிருக்கா. கல்யாணம் ஆகி ஆறு வருஷம், ஏங்கிப் போயிருந்தோம். வடிவு சாகற வரைக்கும் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டே இருந்தா. எனக்குச் சந்தோஷம் தாங்கல. தெரு பூராவும் லட்டு குடுத்தேன். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டேன். சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன். சம்பந்தியம்மா நேரே அவளுக்குப் போன் போட்டு "எங்ககிட்டச் சொல்லணும்னு தோணலையா"ன்னு கேட்டிருக்காங்க. அவ என்னக் கூப்பிட்டா. "அப்பா, மூணு மாசம் ஆகட்டும்னு இருந்தேன். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்"னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான், "நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, நல்ல சேதிதான"ன்னேன். சரிதான?

நல்லா இருந்துச்சு. ஒரு மாசம் நல்லா இருந்துச்சு.

அன்னிக்குக் காபியக் கையில வச்சிருக்கேன், மெயில் அடிக்குது. ஸ்கேன் ரிசல்ட். அந்த ஊர்ல ஒரு சட்டம் இருக்கு தம்பி, அது மட்டும் நல்ல சட்டம். ரிசல்ட் வந்தா டாக்டரு பாக்கட்டும், பெறவு சொல்லலாம்னு பூட்டி வைக்கக் கூடாது. வந்த நிமிஷம் கம்ப்யூட்டர்ல போட்டுறணும். தொறந்து பாக்கேன். இங்கிலீஷ்ல நாலு வரி. இதயத் துடிப்பு இல்லைன்னு அர்த்தம் வருது. சரியாப் படிக்கலையோன்னு போன்லயே தமிழுக்கு மாத்திப் பாத்தேன். அதுவும் அதத்தான் சொல்லுது.

உடனே போனப் போட்டேன். அங்க சாயங்காலம். எடுத்தவ சிரிச்சுக்கிட்டே எடுக்கா. "என்னப்பா, காலங்காத்தாலயே கூப்பிடுதீங்க"ங்கா. பின்னால குக்கர் விசில் கேக்கு. நான், "தைரியமா இரும்மா, நம்ம கையில என்ன இருக்கு"ன்னேன். "எதுக்குப்பா"ங்கா. "அதான்மா, பிள்ளைக்குத் துடிப்பு இல்லைன்னு வந்திருக்கே"ன்னேன்.

அதுக்குமேல குக்கர் மட்டும் அடிக்குது. யாரும் அமத்தல. செத்த நேரம் கழிச்சு மாப்பிள்ளை போன வாங்கினாரு. "மாமா, டாக்டர் நாளைக்குக் கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தாங்க. எங்களுக்கே இன்னும் தெரியாது"ன்னாரு. நல்ல மனுஷன், கோவிச்சுக்கல. வச்சிட்டாரு.

நீங்களே சொல்லுங்க, எவனோ ஒரு டாக்டரு வாயால கேக்கறதுக்குப் பெத்த தகப்பன் வாயால கேட்டது நல்லதா இல்லையா? என்ன தம்பி, தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? உங்க அம்மா ஞாபகமா? ஒண்ணும் ஆகாது, எக்கோதான. நானும் அன்னிக்கு அழுதேன். தனியா இருந்து அழுதேன். யார்கிட்டச் சொல்ல? குரூப்புல போட்டேன், அந்த ரிப்போர்ட்டோட. சும்மா சொன்னா நம்ப மாட்டாங்கல்ல. எல்லாரும் கை கூப்புற பொம்மை போட்டாங்க.

அஞ்சாறு நாள் கழிச்சு அவ கூப்பிட்டா. கத்துவான்னு நினைச்சேன். கத்தல. பையத்தான் பேசினா. "என் ரிப்போர்ட்ட எத்தனை நாளாப்பா பாக்கீங்க?"ன்னா. "உங்க அம்மா போனதுல இருந்தே பாக்கேன்"னேன், மறைக்கதுக்கு என்ன இருக்கு. "எல்லாத்தையுமா?"ன்னா. "எல்லாத்தையும்தான்"னேன். பெறவு ஒண்ணு கேட்டா. "அப்பா, ஒரு தடவையாவது எப்படிம்மா இருக்கேன்னு என்கிட்டக் கேட்டிருக்கீங்களா?"ன்னா.

கோட்டித்தனமால்ல இருக்கு, பைத்தியக்காரக் கேள்வி! எல்லாம் தெரிஞ்சவன் என்னத்தக் கேக்க? தெரியாதவன்ல கேப்பான். அதத்தான் சொன்னேன். "சரிப்பா"ன்னா. வச்சிட்டா. மறுநாள் காலைல தொறந்தா, தொறக்கல. மாத்திட்டா. மெயிலும் போச்சு, எல்லாம் போச்சு. காபி ஆறிக் கெடக்கு, நான் அந்தப் பாஸ்வேர்டப் போட்டுக்கிட்டே இருக்கேன். தப்புத் தப்புன்னு செவப்பா வருது.

அதுக்குப் பெறகு மருந்து மாத்திரை என்ன குடுத்தாங்க, ரத்தம் நின்னுச்சா, தூங்குதாளா, சாப்பிடுதாளா, ஒண்ணும் தெரியல. பொறுத்துப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கே மெயில் போட்டேன். மரியாதையா, நான் இன்னாரு, இன்னாருக்குத் தகப்பன், விவரம் தரவும்னு. அதுக்குத்தான் அந்தப் பதில். அவங்க சம்மதம் இல்லாம யாருக்கும் சொல்ல முடியாது, தகப்பன்னாலும் சொல்ல முடியாதாம். பதினெட்டு வயசு தாண்டிட்டா அவ உடம்பு அவளுக்காம். அப்ப பதினெட்டு வரைக்கும் பாத்தவன்? அவனுக்கு என்ன?

மதுரையில ஐகோர்ட்டுப் பக்கம் தளவாய்னு ஒரு வக்கீல், எனக்குப் பழக்கம். அவர்கிட்டப் போனேன், கேஸ் போடணும்னு. எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு, "அண்ணாச்சி, இத வெளியில யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அடுத்தவங்க கணக்கத் தொறந்தா அந்த ஊர்லயும் குத்தம், நம்ம ஊர்லயும் குத்தம். கேஸ் போட்டா உங்க மேலதான் போடணும்"ங்காரு. அடுத்தவங்களாம்! நான் என்ன அடுத்தவன் காட்டுலயா கல்லு நட்டேன்? அங்க ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கானாம், ஐரோப்பாவுல வேறயாம், அங்க இன்னும் கெடுபிடியாம். நம்ம ஊர்லயும் புதுசா வந்திருக்காம். "எங்க போனாலும் கடைசியில சம்மதம்ங்கிற ஒரே இடத்துக்குத்தான் வந்து நிக்கும், அத அவங்ககிட்டத்தான் கேக்கணும்"ன்னாரு. வெவரங்கெட்ட வக்கீலு. டீ மட்டும் வாங்கிக் குடுத்தாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, அவ என்னுத பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஆமா! போன வருஷம் நெஞ்சு ஒரு மாதிரி பிசையுதுன்னு இதே ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, அப்ப இங்கன ஆப்புன்னு ஒண்ணு போடச் சொன்னாங்க. அவதான் அங்க இருந்தே போட்டுக் குடுத்தா. குடும்பத்தாள்னு தன் பேரையும் சேத்து வச்சிருக்கா. நான் என்னத்தக் கண்டேன். போன மாசம் இங்க வந்தப்ப, கவுன்டர்ல ஜெனிபான்னு ஒரு பிள்ளை இருக்குல்ல, அதுதான் சொல்லிச்சு. "ஐயா, உங்க ரிப்போர்ட்ட உங்கள விட உங்க மகதான் அதிகமாப் பாக்காங்க. நேத்துக் கூடப் பாத்திருக்காங்க"ன்னு. யாரு எப்பத் தொறந்தாலும் இதுல பதிஞ்சிருமாம். காட்டிச்சு. கோமதி, கோமதி, கோமதின்னு வரிசையா இருக்கு.

பொய் சொல்வானேன், மொதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கண்ணு கூடக் கலங்கிட்டு. பேச மாட்டேங்கா, ஆனா என் சுகர் எவ்வளவு, என் கொழுப்பு எவ்வளவுன்னு அந்தக் குளிர்ல உக்காந்து பாத்திருக்கா. படி எறங்கி டீக்கடைக்குப் போறதுக்குள்ள கோவம் வந்துட்டு. அதெப்படி? என்னுத அவ பாக்கலாம், அவளுத நான் பாக்கக் கூடாதா? ஒரு போன் போட்டு எப்படிப்பா இருக்கீங்கன்னு கேக்கத் துப்பில்ல, களவாணித்தனமாத் தொறந்து பாக்காளாம். திரும்பிப் போயி ஜெனிபாகிட்ட, இத நிப்பாட்ட முடியுமான்னு கேட்டேன். "முடியும்யா. நீங்க குடுத்த சம்மதத்த நீங்க எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கலாம். அது உங்க உரிமை"ன்னிச்சு. உரிமை! ரொம்ப நாள் கழிச்சு என் காதுல விழுந்த நல்ல வார்த்தை. உடனே வாபஸ் வாங்கிட்டேன். அந்தப் பிள்ளைதான் ரெண்டு தடவை கேட்டுச்சு, "நிசமாவாய்யா?"ன்னு. நிசமாத்தாம்மான்னேன்.

இப்பத் தெரியணும்னா கேட்டுத்தான ஆகணும்? போன் போட்டுத்தான ஆகணும்? அன்னில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். குளிக்கப் போனாலும் போனக் கொண்டு போறேன். சார்ஜ் எறங்க விடுறதில்ல. இன்னும் வரல. வரும்.

என்ன சொல்லுதீங்க? இன்னிக்கு ஆஞ்சியோன்னு அவளுக்கு எப்படித் தெரியும்னா? தெரியாதுதான். அதான் அடைச்சிட்டேனே. நான் எதுக்குச் சொல்லணும்? தெரியாமக் கேக்கணும் தம்பி. தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதா? ஒண்ணும் தெரியாத இடத்துல இருந்து, அப்பா எப்படி இருக்காரோன்னு மனசு கெடந்து அடிச்சு, அப்பக் கேக்கணும். அதுதான் கேக்கறது. ஏன் தம்பி அப்படிப் பாக்கீங்க? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?

இந்தா, அந்தப் பிள்ளையே வருது. ஜெனிபா, வாம்மா. என்ன? கூப்பிட்டுட்டாங்களா? சரி. உள்ள நடக்கறத யார்கிட்டச் சொல்லலாம்னு பேரு போடணுமா? யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். ஆமாம்மா, யார்கிட்டயும்தான். கேபிள்காரர்கிட்டயா? அவருக்கு என்னத்துக்கு, அவரு பாவம், வந்தா சாப்பிடச் சொல்லு. மகளா? எந்த மகள்? இல்லம்மா, போட வேண்டாம். எழுதிக்கோ, யாருக்கும் இல்லைன்னு. என் சம்மதம் இல்லாம யாருக்கும் சொல்லக் கூடாது. சட்டம் அதான? நீ போ, இதோ வாரேன்.

மோதிரத்தக் கழட்டச் சொன்னாங்க, கழட்டிட்டேன். வாட்ச்சக் கழட்டியாச்சு. போனையும் உள்ள விட மாட்டாங்களாம்.

தம்பி, நீங்க உங்க அம்மா வர்ற வரைக்கும் இங்கனதான இருப்பீங்க? அப்பச் சரி. இதச் செத்த கையில வச்சிருங்க. ஐயோ, திருடுற ஆளாத் தெரியல நீங்க, பிடிங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க. அப்படியே அடிச்சா, கோமதின்னு பேரு வரும். வந்தா எடுங்க. நான் எங்க இருக்கேன், உள்ள என்ன பண்ணுதாங்க, எதையும் சொல்லிராதீங்க. அவளா ஏதாவது கேக்காளான்னு மட்டும் பாருங்க. நான் வெளிய வந்த உடனே என் நெஞ்சப் பத்தி டாக்டரு சொல்லுவாரு, அது கெடக்கட்டும். எப்படி இருக்காருன்னு அவ கேட்டாளா இல்லையான்னு, அத மட்டும் நீங்க எனக்குச் சொல்லுங்க.